சுவருக்குள் போகும் ஒயரிலிருந்து தொடங்க வேண்டிய சமையலறை

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் சமையல் மேடையில் பதித்த இண்டக்‌ஷன் ஹாபும் (பல அடுப்புகள் சேர்ந்த மின்னடுப்பு), அலமாரிக்குள் பொருத்திய ஓவனும் இப்போது சாதாரணமாகிவிட்டன. கோயம்புத்தூரிலிருந்து வரும் மாடுலர் கிச்சன்காரர்கள் கிரானைட்டின் நிறத்தையும் இழுப்பறையின் கீலையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஹாபுக்கு எந்த அளவு ஒயர் போக வேண்டும் என்று கேட்டால், "உங்க எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரு பாயின்ட் போட்டு வெக்கச் சொல்லுங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். எலக்ட்ரீஷியனுக்கோ என்ன சாதனம் வரப்போகிறது என்பதே தெரியாது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன என்பதை எங்கள் பழைய வீட்டின் சமையலறையைப் புதுப்பித்தபோது நெருக்கமாகப் பார்த்தேன்.

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள். மின்பணி என் தொழில் அன்று. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக எங்கள் வீடுகளுக்கு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒவ்வொரு படியிலும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து காட்டினார். நான் கணக்குப் போட்டேன். அவர் அந்தக் கணக்கு சுவருக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொன்னார். இருவருமாகச் சேர்ந்து எட்டிய முடிவுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே டி.பி. பாக்ஸை, அதாவது வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டியை, திறக்க வேண்டாம். வேலை செய்பவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பதற்கு இது உதவினால் போதும்.

முதலில் எங்கள் பழைய சமையலறையின் நிலையைச் சொல்ல வேண்டும். மெயின் போர்டிலிருந்து ஒரே ஒரு 2.5 ஸ்கொயர் (குறுக்குவெட்டுப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர்) ஒயர் சமையலறைக்கு வந்து, இரண்டு 16 ஆம்பியர் பாயின்ட்களைத் தொட்டு, அங்கிருந்து பிரிட்ஜுக்கும் போயிருந்தது. கிரைண்டரும் மிக்ஸியும் மட்டும் இருந்த காலத்தில் அது தாங்கியது. மேடைமேல் வைக்கும் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும்; அதோடு 1500 வாட் கெட்டில் சேர்ந்தால் 15 ஆம்பியரைத் தாண்டும். அந்த ஒயரின் எல்லையை ஏற்கெனவே நெருங்கியிருந்த நிலையில், நான்கு அடுப்புகள் கொண்ட 7200 வாட் ஹாபும் 3500 வாட் ஓவனும் அதே இடத்துக்கு வரவிருந்தன. ஹாப் மட்டுமே முழு அளவில் எரிந்தால் 230 வோல்ட்டில் 31 ஆம்பியருக்கு மேல். ஓவன் 15 ஆம்பியர்.

இத்தகைய இடத்தில் சிலர் செய்யும் வேலையை வேலந்தாவளத்தில் என் அத்தை வீட்டில் கண்டிருந்தேன். அங்கே ஓவனையும் மேடை அடுப்பையும் சேர்த்துப் போட்டால் 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் தானாக அணையும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. வந்து பார்த்த ஒருவர், எம்.சி.பி.தான் பழுது என்று அதைக் கழற்றி 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதன்பின் எதுவும் விழவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சில மாதங்கள் கழித்துச் சமையலறையில் அவ்வப்போது கருகிய பிளாஸ்டிக் வாடை வருவதாக அத்தை சொன்னபோது, அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். அவர் மெயினை அணைத்துவிட்டு ஓவன் சாக்கெட்டைக் கழற்றினார். பிளக்கின் பித்தளை முள் ஒருபக்கம் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. சாக்கெட்டின் பேஸ் (மின்சாரம் வரும் முனை) துளை உருகி வாய் கோணியிருந்தது. உள்ளே இருந்த சிவப்பு ஒயரின் மேலுறை பழுப்பேறி, விரலால் வளைத்ததும் முறுக்கு போல நொறுங்கி விழுந்தது. பைப்புக்குள் இன்னும் எத்தனை அடிக்கு அப்படி இருக்கிறது என்று இழுத்துப் பார்த்தபோது, திருப்பம் வரைக்கும் அதே கதைதான்.

எம்.சி.பி. காப்பது ஓவனை அல்ல, ஓவனுக்குப் போகும் ஒயரை என்பது இந்த வேலையின் முதல் பாடம். ஒயர் எவ்வளவு தாங்கும் என்பதுதான் எம்.சி.பி.யின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். சாதனம் எவ்வளவு கேட்கிறது என்பது ஒயரின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஆபத்து வெளியில் தெரியாமல் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எம்.சி.பி.மேல் 32 என்று எழுதியிருந்தால் 32 ஆம்பியரைத் தாண்டிய கணமே விழுந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. தரநிலைப்படி, குறிப்பிட்ட அளவைப்போல் 1.13 மடங்கு வரை அது ஒரு மணி நேரத்துக்கு விழவே கூடாது, 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதாவது 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியரைச் சும்மா விட்டுவிடும். 46 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் வரை விட்டுவைக்கலாம். அத்தை வீட்டு 2.5 ஸ்கொயர் ஒயர் அந்தப் பக்கம் நெருங்கவே கூடாத அளவுகள் அவை.

அந்த ஒயர் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்பதில் எங்கள் ஊர் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. சர்வதேசத் தரநிலை அட்டவணையில், சுவருக்குள் பதித்த பைப்பில் தனியாகச் செல்லும் பி.வி.சி. மேலுறையிட்ட செம்பு ஒயருக்கு, ஒரு பேஸும் ஒரு நியூட்ரலும் (மின்னோட்டம் திரும்பும் ஒயர்) என்றால், 2.5 ஸ்கொயருக்கு 24 ஆம்பியர், 4 ஸ்கொயருக்கு 32, 6 ஸ்கொயருக்கு 41 என்று இருக்கும். இவை சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரியாக இருக்கும்போது பொருந்தும் எண்கள். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாயின் இந்தப் பக்கம் 40 டிகிரியைத் தொடும் மதியங்கள் புதிதல்ல. மேற்கு பார்த்த சமையலறைச் சுவர் அதற்கும் மேலே சுடும். 40 டிகிரிக்கு 0.87 ஆல் பெருக்கச் சொல்கிறது அதே தரநிலை. அப்படிப் பெருக்கினால் 2.5 ஸ்கொயர் 21 ஆம்பியருக்கும், 4 ஸ்கொயர் 28 ஆம்பியருக்கும், 6 ஸ்கொயர் 36 ஆம்பியருக்கும் சற்றே குறைவாக வந்து நிற்கின்றன. ஒரே பைப்பில் இரண்டு சர்க்யூட் ஒயர்களைத் திணித்தால் இன்னும் 0.8 ஆல் பெருக்க வேண்டும். மூன்று என்றால் 0.7.

இந்தக் கணக்கை அண்ணனிடம் காட்டியபோது அவர் வியக்கவில்லை. "பைப்புல காத்தாட எடம் விடணும்ங்க டீச்சர். அடச்சு வெச்சா கம்பி வேகும்" என்றார். பெருக்குத்தொகை ஏதும் இல்லாமலேயே அவர் அதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார். ஹாபை ஒரே பேஸில் இணைப்பதானால் 6 ஸ்கொயர் ஒயர், தனி பைப், 32 ஆம்பியர் எம்.சி.பி. என்று வரும். அதே பைப்பில் ஓவன் ஒயரையும் கூட்டிக்கொண்டு போனால் 6 ஸ்கொயரின் தாங்குதிறன் 28 ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 32 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் காக்காது. பைப் ஒன்று கூடுதலாகப் பதிப்பதற்கு ஆகும் செலவு, மாடுலர் கிச்சனுக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆயினும் சுவர் வெட்டும் நாளில் அதைக் கேட்காவிட்டால் பிறகு எந்த விலை கொடுத்தும் எளிதில் போட முடியாது.

இவ்வளவு சுமை சேர்ந்தபின் ஒருமுனை இணைப்பு போதாது. கேரளத்தில் வீட்டின் இணைப்புச் சுமை 5 கிலோவாட்டைத் தாண்டினால் மும்முனை (மூன்று பேஸ்கள் வரும்) இணைப்புக்குப் போக வேண்டும். நாங்களும் விண்ணப்பித்து மாற்றிக்கொண்டோம். எல்லையோர ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை செய்பவர் தமிழ்நாட்டில் எவ்வளவு பேர்பெற்றவராக இருந்தாலும், கே.எஸ்.இ.பி. (கேரள மின் வாரியம்) அலுவலகத்தில் கொடுக்கும் நிறைவுச் சான்றில் கேரளத்தின் மின் உரிம வாரியத்தில் அனுமதி பெற்றவர்தான் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் ஒருவரைத் தேடிப் பிடிக்காமல், அவரையே தொடக்கத்தில் அழைத்து வரைபடத்தைக் காட்டியதால், எர்த் பற்றியும் இ.எல்.சி.பி. பற்றியும் நல்ல யோசனைகள் கிடைத்தன. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இது. இங்கே பழக்கத்தில் எல்லோரும் இ.எல்.சி.பி. என்றே சொல்கிறோம், இன்று கடையில் கிடைப்பதும் நாம் மாட்டுவதும் ஆர்.சி.சி.பி.தான்.)

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். மும்முனை வீடுகளில் பெரிய ஹாபை இரண்டு பேஸ்களில் பிரித்து இணைக்கலாம். ஹாபின் அடிப்பக்கத்தில் உள்ள டெர்மினலில் சிறு செம்புப் பட்டைகள் இருக்கும்; ஒரே பேஸ் என்றால் இரண்டு பேஸ் முனைகளையும் அந்தப் பட்டையால் சேர்த்துவிட வேண்டும், இரண்டு பேஸ் என்றால் பட்டையைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அந்தப் பட்டையை எடுக்காமல் இரண்டு பேஸ்களைக் கொண்டுவந்து மாட்டினால் 400 வோல்ட் நேரடியாக ஷார்ட் ஆகும். ஆகவே ஹாபின் அடியில் ஒட்டியிருக்கும் இணைப்புப் படத்தைப் பொருத்துபவர் பார்க்கிறாரா என்று நீங்களும் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

சரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பேஸிலும் 3600 வாட், அதாவது 16 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும். நியூட்ரலில் எவ்வளவு ஓடும் என்பதுதான் கேள்வி. பலர் இரண்டும் கூடி 31 ஆம்பியர் என்பார்கள். சிலர் மும்முனையில் நியூட்ரலில் ஒன்றுமே ஓடாது என்பார்கள். இரண்டு பேஸ்களுக்கும் இடையே 120 டிகிரி கோண வேறுபாடு இருப்பதால், சம அளவான இரண்டு மின்னோட்டங்கள் கூடும்போது விளைவும் அதே அளவாகவே, ஏறக்குறைய 16 ஆம்பியராகவே வரும். ஆகவே மூன்று 4 ஸ்கொயர் ஒயர்களும் ஒரு எர்த்தும் இருந்தால் போதும் என்று பொதுவாக முடிவு செய்கிறார்கள். மூன்று ஒயர்களிலும் மின்னோட்டம் ஓடும்போது 4 ஸ்கொயருக்கு அட்டவணை மதிப்பு 28. எங்கள் வெயிலுக்கு 24. எம்.சி.பி. 20 ஆம்பியர். எல்லாம் சரியாகவே தெரிகிறது.

ஆனால் நம் வீடுகளில் பேஸ் செலக்டர் என்ற ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு பேஸ் போய்விட்டால், போர்டில் உள்ள திருகியைத் திருப்பி, கரண்ட் இருக்கும் பேஸுக்குச் சுமையை மாற்றிக்கொள்வது எல்லோருக்கும் பழக்கம். ஹாபின் இரண்டு பேஸ்களும் அந்தச் செலக்டர் வழியாகப் போயிருந்து, ஒரு பேஸ் போன நாளில் அதையும் இன்னொரு பேஸுக்குத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? இப்போது இரண்டும் ஒரே பேஸ். கோண வேறுபாடு இல்லை. இரண்டு பேஸ் ஒயர்களிலும் 16 ஆம்பியர்தான் ஓடும், அதனால் எந்த எம்.சி.பி.யும் அசையாது. நியூட்ரல் ஒயரில் மட்டும் 31 ஆம்பியர் ஓடும். நியூட்ரலுக்கென்று தனி எம்.சி.பி. கிடையாது. 24 ஆம்பியருக்கு மேல் தாங்காத ஒயர், யாருக்கும் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல், விருந்துச் சமையல் முடியும்வரை சூடேறிக்கொண்டே இருக்கும்.

இதை வரைந்து காட்டியதும் அண்ணன் சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வழிகளையும் சேர்த்தே செய்தோம். ஹாபின் பேஸ்களைச் செலக்டரைத் தொடாமல் மெயினிலிருந்து நேராக எடுத்தோம். ஒரு பேஸ் போனால் அன்று இரண்டு அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம், அதனால் குடி முழுகிவிடாது. அதோடு நியூட்ரலை மட்டும் 6 ஸ்கொயராகப் போட்டோம். பிற்காலத்தில் யாராவது வந்து, எங்களைக் கேட்காமல், ஹாபையும் செலக்டருக்குள் கொண்டுவந்தாலும் அந்த ஒயர் தாங்க வேண்டும் என்பதே காரணம். ஏற்கெனவே இரண்டு பேஸ் ஹாப் உள்ள வீட்டார், செலக்டருக்குப் பின்னால் ஹாப் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா என்பதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வேண்டுகிறேன்.

இரண்டு பேஸ்களுக்கான எம்.சி.பி.க்களும் ஒரே கைப்பிடியால் இணைந்தவையாக இருக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால், பழுது பார்ப்பவர் ஒன்றை அணைத்துவிட்டு ஹாப் முழுவதும் அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைப்பார்.

மும்முனை வீட்டில் மெயின் நியூட்ரல் அறுந்தால் வரும் கேடும் சிறியதன்று. அப்போது ஒரு பேஸில் வோல்டேஜ் தாழ்ந்தும் இன்னொன்றில் 300, 350 என்று ஏறியும் போகலாம். ஹாபின் மின்னணுப் பலகை அதைத் தாங்காது. ஏற்ற இறக்கம் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் வோல்டேஜ் ரிலே ஒன்றை மெயினில் வைத்திருக்கிறோம். அதற்குப் பக்கத்திலேயே ஐப்பசி இடிக்காக திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் இரண்டாம் வகை சர்ஜ் பாதுகாப்புச் சாதனமும் உண்டு. அதன் இணைப்பு ஒயர்கள் எல்லாம் கூடி அரை மீட்டருக்குள் இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். எர்த் சரியில்லாத வீட்டில் அதை மாட்டுவதால் பயன் மிகக் குறைவு.

எர்த் என்றதும் எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம்; பல இடங்களில் கரிசல் மண். மழையில் களியாகப் பிசுபிசுக்கும் அதே மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, எர்த் பைப்பை விட்டே விலகி நிற்கும். மழைக்காலத்தில் நன்றாக இருந்த எர்த்தின் தடை கோடையில் பலமடங்கு ஏறுகிறது. 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓவனின் உடம்பில் பேஸ் பட்டால் அந்த எர்த் வழியாக ஓடுவது 230-ஐ 20 ஆல் வகுத்தால் கிடைக்கும் பதினோரு ஆம்பியர் சொச்சம்தான். அதை 16 ஆம்பியர் எம்.சி.பி. சாதாரணச் சுமையாகவே எண்ணி விட்டுவிடும். ஓவனின் கதவுக் கைப்பிடி முழு வோல்டேஜில் நின்றுகொண்டிருக்கும். அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஆகையால், எம்.சி.பி. இருக்கிறதே, ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஒன்று ஒயரைக் காக்கிறது, மற்றொன்று நம்மைக் காக்கிறது; ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆர்.சி.சி.பி. இருப்பதால் எர்த்தை விட்டுவிடலாம் என்பதும் இல்லை. எர்த் இருந்தால்தான் கசிவு ஏற்பட்ட உடனேயே அது துண்டிக்கும். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் கைவைத்து, அவர் உடம்பு வழியாக ஓடிய பிறகுதான் துண்டிக்கும்.

ஆர்.சி.சி.பி. வாங்கும்போது முகப்பில் உள்ள சிறு படத்தைப் பாருங்கள். ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏ.சி. வகை. அலைக்கோட்டின் கீழே விட்டுவிட்டு வரும் அரைமேடுகளும் வரையப்பட்டிருந்தால் அது ஏ வகை. இண்டக்‌ஷன் ஹாப் உள்ளே மின்னோட்டத்தை டி.சி.யாக (ஒரே திசையில் ஓடுவதாக) மாற்றித்தான் வேலை செய்கிறது, அதில் ஏற்படும் கசிவு அந்த அரைமேட்டு வடிவில் வரக்கூடும், ஏ.சி. வகை அதைச் சரியாக உணராமல் போகலாம். பொள்ளாச்சிக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் ஏ.சி. வகையைத்தான் எடுத்து வைத்தார்கள். ஏ வகை வேண்டும் என்று உறுதியாகச் சொல்லி, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம்.

இரண்டு பேஸ் ஹாபுக்கு நான்கு முனை (மூன்று பேஸ்களுக்கும் நியூட்ரலுக்கும் இடமுள்ள) ஆர்.சி.சி.பி.தான் வேண்டும். இரண்டு பேஸ்களும் பொது நியூட்ரலும் அதே சாதனத்தின் வழியே போய்த் திரும்பினால்தான் கூட்டுத்தொகை பூஜ்யமாகும். ஒவ்வொரு பேஸுக்கும் தனித்தனியாக இரு முனை ஆர்.சி.சி.பி. வைத்து நியூட்ரலை மட்டும் பகிர்ந்தால் அடுப்பைப் பற்றவைத்த உடனே விழும். நான்கு முனையில் ஒரு பேஸ் முனை காலியாக இருக்குமாதலால், சோதனைப் பொத்தான் எந்த முனைகளிலிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று அதன்மேல் உள்ள படத்தில் பார்த்து, அந்த முனைகளைக் காலியாக விடாமல் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. வைப்பது மற்றொரு தொல்லை. நிலையாகப் பொருத்தும் வெப்பச் சாதனங்களுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 0.75 மில்லி ஆம்பியர் என்ற கணக்கில், ஒரு சாதனத்துக்கு 5 மில்லி ஆம்பியர் வரை கசிவைத் தரநிலையே அனுமதிக்கிறது. ஹாபுக்கு 5, ஓவனுக்கு இரண்டரைக்கு மேல், வாட்டர் ஹீட்டர், பாத்திரம் கழுவும் இயந்திரம் என்று கூட்டிக்கொண்டே போனால் பத்தைத் தாண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். எந்தப் பழுதும் இல்லாமலேயே நள்ளிரவில் பிரிட்ஜோடு சேர்த்து வீடே இருட்டாகும். எரிச்சலில் யாராவது ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயரைப் போட்டுவிடுவார்கள். அதனால் ஹாபுக்கு ஒன்று, ஓவனுக்கு ஆர்.சி.பி.ஓ. ஒன்று, மற்றவற்றுக்கு வேறு ஒன்று என்று பிரித்தோம். ஆர்.சி.பி.ஓ. என்பது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே உடம்பில் இருப்பது. இப்படிப் பிரித்தபின் ஒன்றன் நியூட்ரல் இன்னொன்றோடு கலக்கவே கூடாது. சிம்னி பொருத்த வந்தவர் லைட்டிலிருந்து பேஸையும், பக்கத்தில் இருந்த ஓவன் பாயின்ட்டிலிருந்து நியூட்ரலையும் எடுத்துவிட்டார். சிம்னியைப் போட்டதும் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. சிம்னியில் குறையில்லை, நியூட்ரல்தான் இடம் மாறியிருந்தது.

ஓவனுக்கே உரிய ஒரு பழக்கத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அதன் ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு பொடி நிரப்பியிருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். ஆடிச் சாரல் காலம் முழுவதும் ஓவனைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறந்தநாள் கேக்குக்காக ஒருநாள் போட்டால், ஈரம் ஏறிய பொடி வழியாகக் கசிந்து ஆர்.சி.பி.ஓ. விழும். ஓவன் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். எங்கள் ஓவனில் இது நடந்தபோது அண்ணன் மெகர் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) கொண்டுவந்து 500 வோல்ட்டில் அளந்தார்; கீழ் ஹீட்டர் மட்டும் அரை மெகா ஓமுக்கும் குறைவாகக் காட்டியது. அதைக் கழற்றி மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் அளந்தபோது பல மெகா ஓம் காட்டியது. எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு ஓவனை ஓடவிட்டால் காய்ந்துவிடும் என்று சிலர் சொல்லும் வழியை ஒருபோதும் பின்பற்றாதீர்கள்; கசிவு அப்படியே இருக்க, அதற்கு நம் உடம்பே வழியாகும். இப்போது மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது ஓவனைக் கொஞ்ச நேரம் சூடேற்றிவிடுகிறோம். அந்தத் தொந்தரவு மீண்டும் வரவில்லை.

பிளக்கைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டிலிருந்து வரும் சில ஓவன்களில் இரண்டே உருண்டை முள் கொண்ட ஐரோப்பிய பிளக் இருக்கும். எர்த் அதன் பக்கவாட்டில் உள்ள பித்தளைத் தகடுகளில் இருக்கிறது. நம் சாக்கெட்டில் அதை ஏதாவது ஒரு மாற்று பிளக் வழியாகச் செருகினால் ஓவன் வேலை செய்யும், எர்த் மட்டும் சேராது. கல்ஃபிலிருந்து கொண்டுவரும் சாதனங்களின் சதுர முள் பிளக்குக்குள் 13 ஆம்பியர் வரையிலான ஃபியூஸ் ஒன்று இருக்கும். பிளக்கை வெட்டினால் அந்தக் காப்பும் போய்விடும், அதை ஈடுசெய்யும் எம்.சி.பி. போர்டில் இருந்தாக வேண்டும். எங்கள் 3500 வாட் ஓவனுக்கு நாங்கள் பிளக்கே வைக்கவில்லை. மணிக்கணக்கில் 15 ஆம்பியர் ஓடும்போது முள்ளும் துளையும் தொடும் இடம்தான் முதலில் சூடாகிறது. 4 ஸ்கொயர் ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. அளவுள்ள ஆர்.சி.பி.ஓ., பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக அணைக்கும் 20 ஆம்பியர் டி.பி. (இருமுனை) ஸ்விட்ச், அங்கிருந்து நேரடி இணைப்பு. அந்த ஸ்விட்ச் ஓவனுக்குப் பின்னால் இல்லை. பக்கத்து அலமாரியைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஓவனை வெளியே இழுத்தால்தான் ஸ்விட்ச் தெரியும் என்ற அமைப்பு அவசரத்துக்கு உதவாது.

பூசுவதற்கு முன் சுவரில் டேப்பை விரித்துவைத்துப் பைப் போகும் வழிகளைப் படம் எடுத்து வைத்தது பெரிதும் உதவியது. உயர அலமாரியைச் சுவரில் பிடிக்க வந்த தச்சர், நேராக ஹாபின் பைப் மேலேயே துளையிடக் குறித்திருந்தார். படத்தைக் காட்டியதும் ஒரு சாண் தள்ளிப் போட்டார்.

வேலை முடிந்தபின் அண்ணன் சில வாரங்கள் கழித்து மீண்டும் வந்து, மெயினை அணைத்து, எல்லா டெர்மினல் திருகுகளையும் ஒருமுறை இறுக்கினார். சூடேறி ஆறும்போது செம்பு சிறிது தளரும். தளர்ந்த இடத்தில் தடை கூடும். தடை கூடினால் இன்னும் சூடேறும். பல இழை ஒயர்களின் நுனியில் லக் (உலோக நுனி) அடித்திருந்ததால் பெரும்பாலானவை அசையவில்லை. ஹாபின் நியூட்ரல் மட்டும் கால் சுற்று உள்ளே போனது.

சமையலறை முழுவதும் முடிந்து, சுவரை இனி உடைக்க முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பல ஹாப்களில் மொத்தச் சக்திக்கு வரம்பு வைக்கும் ஏற்பாடு இருக்கிறது; பொருத்துபவருக்கான கையேட்டில் அதன் முறையைச் சொல்லியிருப்பார்கள். அத்தை வீட்டில் பொசுங்கிய 2.5 ஸ்கொயரை இழுத்துவிட்டு அதே பைப்பில் 4 ஸ்கொயர் மட்டுமே போட முடிந்தது. 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் அதற்கான ஆர்.சி.சி.பி.யும் வைத்து, அத்தை புதிதாக வாங்கிய ஹாபை 3500 வாட் வரம்பில் நிறுத்தினோம். ஓவனை வேறு சுவரில் தனி ஒயருக்கு மாற்றியாயிற்று. அத்தை இரண்டு அடுப்புகளில் சோறும் குழம்பும் சேர்ந்தாற்போல் வைக்கிறார். மூன்றாவதைப் போட்டால் மற்ற இரண்டும் தாமாகவே சற்றுத் தணிகின்றன. சமையல் பத்து நிமிடம் கூடுதலாகிறது, எம்.சி.பி. விழுவதில்லை, ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் எப்போது பார்த்தாலும் 16 ஆம்பியரைத் தாண்டுவதில்லை.